எழுபத்தொரு நாளில் செத்த பற்றரியும் மூன்று மாதக் கணக்கும்

சித்தப்பாவின் வான் முதன்முதலாக ஸ்டார்ட் ஆகாமல் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை விடிய 5.50 மணிக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள். பதினான்கு பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிற டீசல் வான். முதல் பிள்ளை 6.05க்கு ராமகிருஷ்ண வீதி முனையில் பையோடு வந்து நிற்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. முன் விளக்குகள் மங்கி அணைந்தன. பற்றரி வாங்கி அன்றைக்கு 46 நாள்.

நடந்ததை நாள் எண்ணிக்கையோடு எழுதுகிறேன். பற்றரி பழுதா இல்லையா என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குரிய நியாயம் கிடைக்குமா என்பதை, எந்த நாளில் என்ன செய்தோம், கையில் என்ன கடதாசி இருந்தது என்பவைதான் தீர்மானித்தன. முதல் ஐம்பது நாளில் நாங்கள் விட்ட பிழைகள் பல. அவற்றையும் சொல்லாமல் இதை எழுதிப் பயனில்லை.

வாங்கிய நாள்

பஞ்சிகாவத்தையில், உதிரிப்பாகக் கடைகள் நெருங்கியிருக்கும் வரிசையில் ஒரு கடை. 70 அம்பியர் மணி, பராமரிப்புத் தேவையில்லாத மூடிய வகை. விலை 42,500 ரூபாய். பழைய பற்றரியைக் கொடுத்ததற்கு 4,000 ரூபாய் கழித்து, 38,500 கட்டினார் சித்தப்பா. ஈயத்துக்கு விலை இருப்பதால் பழையதைக் கடைக்காரர் விருப்பமாக வாங்கிக்கொள்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பழையது போனதோடு எங்களிடம் அவசரத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பில்லில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பற்றரி 1, 38,500'. கழித்த 4,000 பற்றி ஒரு வரி இல்லை. பற்றரியின் தொடர் இலக்கம் இல்லை. வாகன இலக்கமும் இல்லை. வொரண்டி அட்டை ஒன்று தந்தார்கள், அதில் திகதிக் கட்டம் வெறுமையாக இருந்தது. "அதை நாங்க பிறகு போட்டுத் தருவம் அண்ணே, பில் இருக்குத்தானே" என்றாராம் கடைப் பையன். சித்தப்பாவும் பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் இலக்கத்தையும் எழுதித் தாருங்கள் என்று கேட்கிற வாய்தான் நம்மில் பலருக்கு வருவதில்லை.

46ஆம் நாளிலிருந்து 54ஆம் நாள் வரை

அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து வயர் போட்டு வானை எழுப்பினார்கள். அடுத்த நாளும் அதே கதை. 48ஆம் நாள் பற்றரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம். "சார்ஜில போட்டுப் பாப்பம், விட்டுட்டுப் போங்க" என்றார்கள். விட்டுவிட்டு வந்தோம். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. ஆறு நாள் பற்றரி அவர்கள் கையில் இருந்தது என்பதற்கு எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. கடைக்குக் கொண்டுபோனபோது அங்கே நான் தொலைபேசியில் எடுத்த ஒரு படம் மட்டும், அதுவும் தற்செயலாக எடுத்தது, பிற்பாடு கைகொடுத்தது. அதில் பற்றரியின் மேல் பொறித்திருந்த இலக்கம் தெரிந்தது, படத்தின் திகதியும் இருந்தது.

54ஆம் நாள் திருப்பித் தந்தார்கள். "இப்ப நல்லா இருக்கு. உங்கட வண்டியிலதான் கரண்ட் இழுக்குது, வயரிங் பாருங்க."

இந்த இடத்தில் கடைக்காரர் சொன்னதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அது உண்மையாக இருக்கவும் இடமுண்டு. கதவு விளக்கு இரவெல்லாம் எரிந்தால், யாரோ பூட்டிய கசெட் செட் ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஒல்டனேற்றர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றாவிட்டால், நேற்று வாங்கிய பற்றரியும் இறங்கித்தான் போகும். அதை உற்பத்திக் குறை என்று யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கடையோடு சண்டைக்குப் போகுமுன் நம் வாகனம் சுத்தமா என்று பார்ப்பது நம் கடமை.

ஆகவே வான் திருத்தும் கராஜ் பாஸிடம் கொண்டுபோனோம். முப்பது வருடமாக டீசல் வான்களோடு வாழ்கிறவர். மல்டிமீற்றரை வைத்து மூன்று அளவு எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 14.1 வோல்ற். விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டபின்னும் 13.8. வானை நிறுத்திச் சாவியை எடுத்தபின் வாகனம் இழுக்கும் மின்னோட்டம் 30 மில்லி அம்பியர். ஒல்டனேற்றர் 13.8க்கும் 14.5க்கும் இடையில் கொடுத்தால் சுகமாக இருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே போனால் பற்றரி பட்டினி கிடக்கும், 15 வோல்றை நெருங்கினால் உள்ளேயிருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். ஓய்விலிருக்கும் வாகனம் 50 மில்லி அம்பியருக்குள் இழுப்பது வழமை. வானில் குறையில்லை.

"இதை எழுதித் தாங்கோ" என்று கேட்டேன். பாஸ் சிரித்தார், பிறகு தன் கராஜ் பில் புத்தகத்தில் மூன்று அளவையும் திகதியோடும் வாகன இலக்கத்தோடும் எழுதிக் கையெழுத்து வைத்தார். இந்த விவகாரத்தில் எங்களிடம் சேர்ந்த முதல் உருப்படியான கடதாசி அதுதான். 55ஆம் நாள்.

பத்தரை வோல்ற்

71ஆம் நாள் பற்றரி மறுபடி செத்தது. இந்த முறை பாஸ் தன் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டார். விடிய எடுத்து, நான்கைந்து மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தார். 10.5 வோல்ற்.

இந்த எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் முழு வழக்கும் இதில்தான் நின்றது. வாகனப் பற்றரி என்பது ஒரே பெட்டிக்குள் வரிசையாக இணைத்த ஆறு கலங்கள் (செல்கள்). முழுச் சார்ஜில் ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2.1 வோல்ற் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6. பாதி இறங்கிய நல்ல பற்றரி 12.2 அளவில் நிற்கும். 11.9க்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமையாகிவிட்டது. இறங்கிய பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்தால் மறுபடி 12.6க்கு வரும், வர வேண்டும். சார்ஜ் ஏறியும் 10.5லேயே நிற்கிறது என்றால், 12.6இலிருந்து சரியாக 2.1 காணாமற்போயிருக்கிறது. ஒரு கலம் உள்ளுக்குள் குறுக்கிணைந்து (ஷோர்ட் ஆகி) செத்துவிட்டது என்பதன் தெளிவான அடையாளம் அது. நல்ல சார்ஜ் கொடுக்கிற, இரவில் மின்சாரத்தை உறிஞ்சாத வானில் இது நடந்தால், வயரிங்கைக் குறை சொல்ல வழியில்லை.

பாஸுக்கு இன்னொரு சோதனையும் செய்து பார்க்க ஆசை. மேல் மூடியை நெம்பித் திறந்து, கலம் கலமாக அசிட்டின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல வேளை தடுத்துவிட்டேன். மூடிய வகைப் பற்றரியில் மூடியை நெம்பிய தடம் இருந்தால், 'நீங்கள் திறந்திருக்கிறீர்கள்' என்ற ஒரே வசனத்தோடு வொரண்டி போய்விடும். வெளியிலிருந்து அளப்பது மட்டும் போதும். அதற்குப் பதிலாக ஸ்டார்ட் செய்யும்போது வோல்ற் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார். 9.6க்கு மேல் நிற்க வேண்டியது 7க்குப் போனது. இதையும் எழுதிக் கையெழுத்திட்டார். மீற்றரின் முகப்பும் பற்றரியின் இலக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி நான் படம் எடுத்தேன்.

அப்போதுதான் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த உற்பத்திக் குறியீட்டைக் கவனித்தோம். வொரண்டி அட்டையின் பின்புறத்தில் குறியீட்டை வாசிக்கும் முறை அச்சிட்டிருந்தது. எங்கள் கைக்கு வருவதற்கு 14 மாதம் முந்திச் செய்த பற்றரி. ஈய-அமிலப் பற்றரி பாவிக்காமல் இருந்தாலும் தானாகவே மெல்ல இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. கொழும்பு வெக்கையில் தகரக் கூரைக் களஞ்சியத்தில் சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்தால், தட்டுகளில் சல்பேற் உறைந்து கெட்டியாகும். எங்கள் பற்றரி அப்படிக் கிடந்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் வாங்கும்போது குறியீட்டைப் பார்த்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் பார்ப்பதில்லை.

மூன்று கிழமை என்ற சொல்

72ஆம் நாள் மறுபடி கடை. இந்த முறை முதலாளியே இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார், தேநீரும் சொன்னார். "ஐயா, இத நாங்க கம்பனிக்கு அனுப்பணும். அவங்க பாத்து ரிப்போட் தரணும். மூணு கிழமை ஆகும். அதோட, இது ஸ்கூல் வான், ஹயருக்கு ஓடுறது. ஹயர் வண்டிக்கு வொரண்டி வேற."

சித்தப்பா, "தம்பி, பிள்ளையள் றோட்டில நிக்குதுகள்" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் கம்மிவிடும்.

வீட்டுக்கு வந்து இரவு அட்டையை எடுத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். சொந்தப் பாவனை வாகனத்துக்கு 18 மாதம், வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு 6 மாதம் என்றிருந்தது. சரி, பாடசாலை வான் வாடகை வாகனம் என்றே வைப்போம். 6 மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். நாங்கள் நிற்பது 72இல். கடைக்காரரின் கதையை அப்படியே ஒப்புக்கொண்டாலும் பற்றரி வொரண்டிக்குள்தான் இருக்கிறது. 'ஹயர் வண்டி' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு உரிமையே இல்லை என்று நினைத்துத் தளர்ந்துபோனோம், அவ்வளவுதான்.

அடுத்தது சட்டம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை உற்பத்தி செய்தாலோ விற்றாலோ, அதுபற்றிய முறைப்பாட்டை அதிகாரசபை விசாரிக்கலாம். 'உட்கிடையாக' என்ற சொல் முக்கியமானது. திகதி போடாத அட்டையாக இருந்தாலும், அட்டையே இல்லாவிட்டாலும், விற்ற பொருளோடு உத்தரவாதம் சேர்ந்தே வரலாம் என்று அந்தச் சொல் சொல்கிறது. விசாரணையில் முறைப்பாடு சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடும். உற்பத்தியாளர், வியாபாரி இருவரையும் சட்டம் சொல்கிறது. ஆகவே 'கம்பனியைக் கேளுங்கள்' என்று விற்றவர் கை கழுவ முடியாது. வான் வாடகைக்கு ஓடுவதும் தடையில்லை: விலை கொடுத்துப் பெறும் பொருளைப் பாவிக்கும் எவரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் தேடினால் முதலில் கிடைப்பவை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. அங்கே 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது, சுயதொழிலால் பிழைப்பவருக்கு மட்டும் விதிவிலக்கு. அதை வாசித்துவிட்டு நமக்கு வழியில்லை என்று இங்கே யாரும் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

அதே 13ஆம் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுதான நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து.

72உடன் 21ஐக் கூட்டிப் பார்த்தேன். 93.

கடைக்காரர் இதை எண்ணித்தான் மூன்று கிழமை சொன்னார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவர் சட்டத்தை வாசித்திருக்காமலும் இருக்கலாம். ஆனால் சார்ஜில் போட்ட ஆறு நாள், வயரிங் பார்க்கச் சொன்ன நாள்கள், கம்பனிக்கு அனுப்பும் மூன்று கிழமை எல்லாம் வாங்கியவரின் மூன்று மாதத்திலிருந்துதான் போகின்றன. நல்ல பேச்சும் தேநீரும் அந்த நாள்களைத் திருப்பித் தராது. இது எனக்கு உறைத்தது அந்த இரவில்தான்.

கடிதம்

பற்றரியைக் கடையில் விடவில்லை. 75ஆம் நாள் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். வாங்கிய திகதி, விலை, பற்றரியின் இலக்கம், 46ஆம் நாளும் 71ஆம் நாளும் நடந்தவை, பாஸ் எடுத்த அளவுகள், ஐந்து நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை. வசை ஒரு சொல் இல்லை. சித்தப்பா முதலில் எழுதிய கடிதத்தில் கடைக்காரரின் பரம்பரையே இருந்தது, அதை மடித்து வைத்துவிட்டோம்.

பதில் வரவில்லை. 82ஆம் நாள் கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் இருக்கும் அதிகாரசபைக்குப் போய் முறைப்பாட்டைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினோம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம்தான், ஆனால் சட்டம் கேட்பது எழுத்து. தமிழில்தான் எழுதினோம். சிங்களமும் தமிழும் ஆட்சி மொழிகள், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தரும் உரிமை. சித்தப்பா "ஆரிட்டயும் இங்கிலீசில எழுதுவிப்பம் பிள்ளை, அப்பத்தான் மதிப்பாங்கள்" என்று நின்றார். நான் விடவில்லை. தன் வானுக்கு என்ன நடந்தது என்பதை அவர் தன் மொழியில் சொன்னால்தான், விசாரணையில் கேள்வி கேட்கும்போது தடுமாறாமல் பதில் சொல்வார். அப்படியே நடந்தது.

முறைப்பாட்டோடு வைத்தவை: பில்லின் பிரதி, வெறுமையான கட்டத்தோடு அட்டையின் பிரதி, பாஸின் இரண்டு துண்டுகள், படங்கள், கடைக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் சீட்டு. மூலங்களை வீட்டில் வைத்துக்கொண்டோம்.

விசாரணைக்கு இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். கடை முதலாளி வந்தார். வயரிங் கதையைத் தொடங்கினார். பாஸின் முதல் துண்டை வைத்தோம். ஹயர் வண்டி என்றார். அட்டையின் 6 மாத வரியைக் காட்டினோம். 'இது எங்கள் கடைப் பற்றரிதானா, பில்லில் இலக்கம் இல்லையே' என்று கேட்டபோது எனக்கு உடம்பு குளிர்ந்தது, ஏனென்றால் உண்மையில் ஆபத்தான கேள்வி அதுதான். பில்லில் இலக்கம் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 48ஆம் நாள் நான் எடுத்த படத்தில் பற்றரிக்குப் பின்னால் அவருடைய கடை மேசையும் சுவரில் தொங்கிய நாட்காட்டியும் தெரிந்தன. அதைப் பார்த்துவிட்டு மாற்றித் தர ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை எழுத்தில் பதிந்து இரு பக்கமும் கையெழுத்து வைத்தோம். ஒப்புக்கொள்ளாமல் கட்டளை பிறந்து, அதையும் வியாபாரி மதிக்காவிட்டால், அதிகாரசபை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தொகையை அபராதம்போல் அறவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த அளவுக்குப் போகவில்லை.

மூன்று மாதம் தாண்டிய பிறகு பற்றரி செத்தவர்கள் மனம் விட வேண்டாம். இந்தப் பிரிவின் வாசல் ஒடுங்கினாலும், வொரண்டி அட்டை என்பது எழுதிய ஒப்பந்தம், அதன் காலம் முடியும்வரை அது அவர்களைக் கட்டும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதில் உட்கிடையான நிபந்தனை. சிக்னலில் எஞ்சின் தானாக நின்று எழும்பும் வகைக் கார்கள் கொழும்பில் எத்தனை ஓடுகின்றன! அவற்றுக்கு அதற்கென்று செய்த பற்றரி வேண்டும். காரைக் காட்டி 'இதுக்கு ஒண்டு தாங்கோ' என்று கேட்டவருக்குச் சாதாரணப் பற்றரியைப் பூட்டி அனுப்பினால் அது சில மாதத்தில் சாகும், அங்கே இந்த நிபந்தனை பேசும். அதற்கு முதலில் பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபையின் கதவைத் தட்டலாம், பிறகுதான் நீதிமன்றம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

புதிய பற்றரி கிடைத்தது. உற்பத்திக் குறியீட்டைச் சித்தப்பாவே கண்ணாடி போட்டு வாசித்தார், இரண்டு மாதத்துக்கு முந்தியது. வான் நின்ற நான்கு நாள் பிள்ளைகளுக்கு வேறு வான் பிடித்துக் கொடுத்த 9,600 ரூபாய் கிடைக்கவில்லை. அதைக் கேட்டோம், ஆனால் அந்த வான்காரரிடம் சீட்டு வாங்காமல் காசைக் கையில் கொடுத்திருந்தார் சித்தப்பா. காட்ட ஒன்றுமில்லாததால் விட்டுக்கொடுத்தோம்.

கடைசிப் பேச்சு வொரண்டியின் தொடக்கத் திகதி பற்றியது. மாற்றிக் கொடுத்த பற்றரிக்கும் முதல் வாங்கிய நாளிலிருந்துதான் கணக்கு என்று அட்டையில் இருக்கிறது, பல நிறுவனங்களின் அட்டைகளில் அப்படித்தான் இருக்கும். அந்தக் கணக்கில் எங்களுக்கு மிஞ்சியது இரண்டு மாதமும் கொஞ்ச நாளும். சித்தப்பா முதலாளியைப் பார்த்து, "தம்பி, நான் ரெண்டு முறை நடந்த நடைக்காவது புதுத் திகதி போடுங்கோ" என்றார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாடசாலை வான் என்றபடியால் போடுகிறேன் என்று, அன்றைய திகதியையும் பற்றரியின் இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் தன் கையால் எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அந்த அட்டை இப்போது வானின் முன் பெட்டிக்குள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு இருக்கிறது. புதிய திகதியிலிருந்து மூன்று மாதம் முடிகிற நாளை நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார் சித்தப்பா. அந்த நாளுக்கு ஒரு கிழமை முந்திப் பாஸிடம் போய் ஒருமுறை அளந்து எழுதி வாங்கப்போகிறாராம்.